ஆறாம் இலக்க முகம்

மனோர் பார்க், லண்டன்
17.11.2023

அன்புள்ள அண்ணைக்கு,

மலர் எழுதுவது. முழங்கால் எப்படி? நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போடுகிறீர்களா, அல்லது பெட்டிக்குள் பூட்டி வைத்து அழகு பார்க்கிறீர்களா? காது கேளாத மனிதரோடு தொலைபேசியில் கதைக்க ஏலாது. கைபேசியில் எழுதி அனுப்பினால் "பூச்சி ஊருற மாதிரி இருக்கு" என்கிறீர்கள். அதனால் வழக்கம்போல் பேனாதான். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாக்கோப்பு அண்ணை போய்விட்டார். நான் வேலை செய்கிற பலசரக்குக் கடையின் முதலாளி. புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணி, வெளியில் இருட்டும் மழையும். எனக்குக் கந்தசஷ்டி விரதம் என்று அவருக்குத் தெரியும். அவர் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும், "விரதகாரி நிண்டு வேலை செய்யக்கூடாது, இருந்துகொண்டு பில் அடி" என்று ஸ்டூலை எடுத்துத் தந்தார். என்னோடு கதைத்த கடைசிக் கதை அதுதான்.

பிறகு ஒருத்தன் உள்ளே வந்தான். கையில் கத்தி. கறுப்புப் பிடி, அதில் நீல டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி கழன்று தொங்கியது, அவன் கையை நீட்டும்போது அந்த நுனி ஆடியது. பெட்டியைத் திற என்று கத்தினான். யாக்கோப்பு அண்ணை குறுக்கே வந்தார். அவ்வளவுதான் அண்ணை, அரை நிமிடம்கூட இராது.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. தலையில் ஜாக்கெட் தொப்பி, வாயில் துணி. என் கண் கத்தியை விட்டு எழும்பவில்லை. ஆனால் பொலிஸ்காரி கேட்கும்போது, அவருடைய மனைவி றெஜினா அக்கா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. "மலர், நீ கண்டனீதானே? சொல்லு மலர்." அவவின் சட்டையெல்லாம் இரத்தம். அந்த மனிசியைப் பார்த்து எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "எங்கட தமிழ்ப் பெடியன் மாதிரி. திரும்பக் கண்டால் சொல்லுவன்" என்றேன்.

விரதத்தை விடவில்லை. தண்ணீர்தான் இறங்குகிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி
மலர்


மனோர் பார்க்
22.11.2023

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் இதை எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க முருகன் துணை.

யாக்கோப்பு அண்ணையின் உடலைப் பொலிஸ் இன்னும் தரவில்லை. றெஜினா அக்கா நாளுக்கு மூன்று தரம் எனக்குத் தொலைபேசி எடுக்கிறா. வேறென்ன செய்வா, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாறணை. ஆறு நாள் பாலும் பழமுமாகக் கிடந்துவிட்டு முதல் பிடி சோற்றுக்கு வரிசையில் நின்றேன். தட்டை நீட்டினால் கை நிற்கவில்லை. சோறு போட்ட பெடியன், இருபத்துமூன்று வயது வரும், "அம்மா, கை நடுங்குது, நான் பிடிக்கிறன்" என்று தட்டைத் தானே வாங்கி, என்னோடு மேசை வரை நடந்து வந்தான். அடர்ந்த புருவம். இடது புருவத்தின் நடுவில் ஒரு தழும்பு, அதில் மயிர் முளைக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். இந்த ஊரில் இப்படியும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துத்தான் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

பதில் போடுங்கள்.

மலர்


வூப்பர்டால், ஜேர்மனி
09.12.2023

அன்புத் தங்கை மலருக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. யாக்கோப்பு என்ற அந்த மனிதருக்காகக் கவலைப்பட்டேன். இங்கே பனி. முழங்கால் பரவாயில்லை. காலுறை போடுகிறேன்.

பொலிஸ் திரும்பக் கூப்பிட்டால் தெரிந்ததை மட்டும் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஒருவரும் உன்னை அடிக்க மாட்டார்கள். அது அந்த நாடு.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணை
சண்முகராசா


மனோர் பார்க்
21.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துத் தொடங்குகிறேன். எனக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் மனதுக்கு நிம்மதி. ஆளைப் பிடித்துவிட்டார்கள்!

பொலிஸில் கூப்பிட்டு ஒரு திரையின் முன் இருத்தினார்கள். ஒன்பது பேருடைய முகம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொருவனும் நேரே பார்ப்பான், பிறகு இடம், வலம் திரும்புவான். இரண்டு தரம் முழுதாகப் பார்க்க வேண்டும். "அந்த ஆள் இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று பொலிஸ்காரர் சொல்ல, மொழிபெயர்க்க வந்த பிள்ளை தமிழில் சொன்னாள். சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லாமலா என்னைக் கூப்பிட்டு இருத்துவார்கள்?

ஆறாவது முகம் வந்ததும் இருக்கையை விட்டு எழும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த முகம் அண்ணை! உடம்பெல்லாம் சொன்னது. ஆறாம் இலக்கம் என்றேன். அடர்ந்த புருவம், இடது புருவத்தில் தழும்பு. கத்தியை நீட்டும்போது அந்தப் புருவத்தை நெரித்துக்கொண்டு நின்றதுகூட இப்போது வடிவாகத் தெரிகிறது.

பெயர் கிருசாந்தன். எங்கட பெடியன்தான். சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவனாம், அன்று அவனுடைய கைபேசி எங்கள் தெருவில்தான் இருந்திருக்கிறது. றெஜினா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாட்டி அவற்ர சாவுக்கு நியாயமே கிடைச்சிராது" என்றா. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். பாவி, எங்கட ஆளையே குத்த எப்படி மனம் வந்தது?

உங்கள் பதிலைப் பார்த்திருப்பேன்.

மலர்


மனோர் பார்க்
12.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உயிரோடுதான் இருக்கிறீர்களா? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. கீழ்வீட்டு ஜேர்மன்காரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். நீங்கள் தினமும் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய்வருகிறீர்களாம். பாண் வாங்கத் தெரிகிறது, தபால் முத்திரை வாங்கத் தெரியவில்லை!

ஐப்பசியில் வழக்கு. நான்தான் முக்கிய சாட்சியாம். நித்திரை சரியில்லை. நீ செய்தது சரி மலர் என்று ஒரு சொல் எழுதினால் உங்கள் பேனா தேய்ந்துவிடுமோ?

கோபத்தோடும் அன்போடும்
மலர்


வூப்பர்டால்
03.06.2024

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். எழுதாமல் இருந்ததற்குச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. அந்தப் பெடியனை அதற்கு முன்னும் பின்னும் வேறெங்காவது கண்டிருக்கிறாயா? கடை, பஸ், கோயில்? அவசரப்படாமல் ஆறுதலாக யோசி. உன் பழைய நாட்களை ஒவ்வொன்றாக யோசி.

இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாமல் இருக்கிறது.

அண்ணை


மனோர் பார்க்
20.06.2024

அண்ணைக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. என்னை என்னவென்று நினைத்தீர்கள்? வழியில் கண்டவனைக் கொலைகாரன் என்று கைகாட்டுகிறவளா நான்? அவனை அந்த ஒரு நாளைத் தவிர வேறெங்கும் கண்டதில்லை. நான் கடையில் நின்றேன். நீங்கள் வூப்பர்டாலில் நின்றீர்கள்.

மலர்


மனோர் பார்க்
16.11.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் கோபித்த பிறகு ஐந்து மாதம் நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நமக்குள் அது புதிதா? சுகமாக இருங்கள்.

வழக்கு முடிந்தது. ஜூரியில் பன்னிரண்டு பேரும் அவனைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை. இருபத்துநான்கு வருடம் கழித்துத்தான் விடுவதைப் பற்றி யோசிப்பார்களாம்.

அவனுடைய வக்கீல் ஒரு மணித்தியாலம் என்னைக் குடைந்தார். "வடிவாப் பாத்தீங்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "ஓம்." "எவ்வளவு நிச்சயம்?" "நூறு வீதம்." "அவர் முருகன் கோயிலில் தொண்டு செய்யிறவர். அங்க கண்டிருக்கலாம்தானே?" "ஒரு நாளும் இல்லை." அப்படிச் சொல்லும்போது ஜூரியில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. அது எனக்குத் தைரியமாக இருந்தது.

என் சாட்சியம் முடிந்து பார்வையாளர் இருக்கையில் றெஜினா அக்காவோடு போய் இருந்தேன். மூன்றாம் நாள் ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு, நீதிபதி ஒரு பெண்ணின் கதையைக் கேட்டார். டொக்டர் ரஞ்சனா சேஷாத்ரி, இந்தியாத் தமிழ். பல்கலைக்கழகத்தில் மனிதரின் ஞாபகத்தைப் பற்றி ஆராய்கிறவ. அவனுடைய பக்கம் கூப்பிட்ட நிபுணர். என் ஆங்கிலம் கடை ஆங்கிலம், ஆனாலும் விளங்கியது. கத்தியைக் கண்டவரின் கண் கத்தியிலேயே நிற்கும், முகம் பதியாது என்றா. மற்றவர்கள் மெச்ச மெச்ச, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, நிச்சயம் கூடிக்கொண்டே போகும், ஆனால் அதனால் அது சரியாகிவிடாது என்றா. ஓரிடத்தில் கண்ட முகத்தை ஞாபகம் எடுத்துக்கொண்டுபோய் இன்னோரிடத்தில் வைத்துவிடும், வைத்தது அந்த ஆளுக்கே தெரியாது என்றா. நூற்றுக்கணக்கான பேரை வைத்துச் சோதித்திருக்கிறார்களாம். எனக்கு முகம் எரிந்தது.

இது ஜூரிக்குப் பொதுப்புத்தியால் விளங்கக்கூடியதுதான், கவனமாக எடைபோடச் சொல்லி நானே அவர்களுக்குச் சொல்வேன் என்று நீதிபதி அவவை அனுப்பிவிட்டார். ஜூரி திரும்பி வந்தபோது அவ சொன்னதில் ஒரு சொல்லும் அவர்களுக்குத் தெரியாது. கேட்டது நான்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றப் படியடியில் அவவைக் கண்டேன். வாய் சும்மா கிடக்கவில்லை. "நான் பொய் சொன்னனான் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றேன். அவ நின்று, "இல்லம்மா. பொய் சொல்றவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உண்மைன்னு நம்பிச் சொல்றவங்களைப் பத்தித்தான் என் வேலையே" என்றா. நான் படியிறங்கினேன்.

வெளியே அவனுடைய தாய் நின்றா, அஜந்தா என்று பெயர். சண்டைக்கு வருகிறாவாக்கும் என்று றெஜினா அக்கா என்னைப் பின்னால் இழுத்தா. அவ சத்தம் போடவில்லை. "அக்கா, போன வருசப் பாறணைக்கு உங்களுக்குச் சோறு போட்டவன் அவன்தான். பக்கத்தில குழம்பு வாளியோட நிண்டது நான். ஒரு அம்மான்ர கை நடுங்கினது எண்டு வீட்ட வந்தும் சொன்னவன். வக்கீலிட்டச் சொன்னனாங்கள், நிரூபிக்க ஏலாது எண்டவர்" என்றா.

என்ன கதை இது? ஆறு நாள் சாப்பிடாதவளுக்குச் சோறு போட்டவன் முகமா நினைவிருக்கும்? அண்ணை, அந்தப் பாறணையைப் பற்றி நான் உங்களுக்கு ஏதாவது எழுதினேனா? எனக்கு நினைவில்லை.

மலர்


வூப்பர்டால்
02.12.2024

அன்புத் தங்கை மலருக்கு,

நான் நலமாக இல்லை, ஆனால் அது முழங்காலால் அல்ல.

எழுதினாய். இத்துடன் உன் முதல் இரண்டு கடிதங்களையும் வைத்திருக்கிறேன். தபால் உறையும் இருக்கிறது, முத்திரையில் திகதி தெரியும். முதலாவதில், முகத்தைப் பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில் சோறு போட்ட பெடியனின் புருவத்தை எழுதியிருக்கிறாய். இரண்டையும் நீயே வாசி.

மாசி மாதம் உன் மூன்றாவது கடிதம் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

என் காது ஷெல் விழுந்து கெட்டது என்று உங்கள் எல்லாருக்கும் சொன்னேன். அது பொய். தொண்ணூற்றாறாம் ஆண்டு, நீ லண்டனுக்குப் போன பிறகு, ஊரில் ஆமி என்னைப் பிடித்துப் பத்தொன்பது நாள் இராணுவக் காம்பில் வைத்திருந்தது. அங்கே அடித்துக் கெட்டது. இருபதாம் நாள் தலையில் சாக்கைப் போட்டார்கள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஜீப்பில் இருத்தினார்கள். ஊர்ச்சனம் முழுவதும் வரிசையில் நடந்து போனது. இயக்கக்காரனைக் கண்டால் தலையை ஆட்டு, ஆட்டாவிட்டால் நீதான் இயக்கம் என்றார்கள். அப்படி இருந்தவர்களைச் சனம் தலையாட்டி என்று சொல்லித் துப்பும். உனக்குத் தெரியும். நானும் ஒரு தலையாட்டி, மலர்.

எனக்கு இயக்கத்தில் ஒருவரையும் தெரியாது. ஐந்து பேர் வரும்வரை அசையாமல் இருந்தேன். அடி விழுந்தது. பிறகு ஒருவன் வந்தான், எனக்குத் தெரிந்த முகம். எங்கே கண்டேன் என்று யோசிக்க நேரமில்லை. தெரிந்த முகம் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினேன். தலையை ஆட்டினேன். அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். என்னை விட்ட பிறகு, வீட்டுக்கு நடந்து போகும் வழியில்தான் நினைவு வந்தது. அவன் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குச் சைக்கிளில் பாண் கொண்டுவந்து விற்கிற பெடியன். பிறகு அவன் வரவே இல்லை.

உனக்கு எழுத வேண்டுமென்றால் இதையும் எழுத வேண்டும். அதற்குப் பயந்துதான் அந்தக் கிருசாந்தனை உள்ளே போக விட்டேன். இப்போது என்னால் போனது இரண்டு பேர்.

கடிதங்களை நான் படியெடுக்கவில்லை. நீ அடுப்பில் வைத்தாலும் ஒருவருக்கும் தெரியவராது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அண்ணை


மனோர் பார்க்
27.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

கடிதங்களை வாசித்தேன். அது என் எழுத்து. என் பேனாதான். வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. எனக்கு முதலில் வந்தது உங்கள் மேல் ஆத்திரம், அந்த மைதானத்துக்காக அல்ல, இந்தப் பத்து மாதத்துக்காக. ஒரு வரி போட்டிருந்தால் நான் அந்தக் கூண்டில் ஏறுமுன் நின்றிருப்பேனே! பிறகு, நீங்கள் ஆனி மாதம் கேட்டபோது நான் என்ன எழுதினேன் என்று நினைவு வந்தது. நின்றிருக்க மாட்டேன்.

பத்துக் கிழமை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இரண்டு தரம் கையில் எடுத்தேன், மறைக்க மாட்டேன். தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போனால், அன்னதானத்தில் அஜந்தா தனியாகச் சோற்று வாளியோடு நின்றா. என்னைக் கண்டா. மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டா. பிறகு அடுத்த ஆளிடம் போனா. என்னால் சாப்பிட ஏலவில்லை.

அடுத்த நாள் டூட்டிங்குக்குப் போய் அவனுடைய வக்கீலின் அலுவலகத்தில் இரண்டு கடிதத்தையும் உறையோடு கொடுத்தேன். "இதை நீங்களேதான் எழுதினீர்களா?" என்று மூன்று தரம் கேட்டார். மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்பாராம். கிடைத்தாலும் ஒரு வருடம் செல்லும், தோற்கவும் கூடும் என்றார். டொக்டர் ரஞ்சனாவிடமும் காட்டுவாராம். அதுவரை அவன் உள்ளேதான்.

றெஜினா அக்காவுக்கு நானே போய்ச் சொன்னேன். கதவடியில் நின்றபடி கேட்டா. ஏசுவா என்று நினைத்தேன். "அப்ப ஆர், மலர்? அவன் இல்லையெண்டா ஆர்? சொல்லு" என்று முதல் நாள் பிடித்த அதே மாதிரி என் கையைப் பிடித்தா. "எனக்குத் தெரியாது அக்கா" என்றேன். கையை விட்டுவிட்டு உள்ளே போனா. கடை வேலையும் போய்விட்டது.

இன்னொன்று. எல்லாம் விளங்கியும் ஒன்றும் மாறவில்லை அண்ணை. இப்போதும் கண்ணை மூடினால் கத்தியோடு நிற்கிறவனுக்கு அந்தப் பெடியனின் முகம்தான் இருக்கிறது. அழிக்க ஏலவில்லை.

உங்களை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், இதற்குப் பதில் போடாமல் இருக்கக்கூடாது. அந்தப் பாண்காரப் பெடியனின் பெயர் என்ன? வவுனியாவில் தாய்மார் இன்னும் காணாமற்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிறார்கள். அவனுடைய தாயும் அங்கே இருக்கலாம். பெயரை எழுதுங்கள். மிச்சத்தை நான் தேடுவேன்.

மலர்


வூப்பர்டால்
19.03.2025

அன்புத் தங்கை மலருக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமை. பனி கரைந்துவிட்டது. வேலை போனதற்காக மனம் உடையாதே, உடம்பைப் பார்.

நீ கேட்டதை ஒரு கிழமையாக யோசித்தேன். கிழமைக்கு மூன்று நாள் அவனிடம் பாண் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் பெயர் கேட்கவில்லை, மலர். அவனுடைய முகத்தை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அண்ணை